ஆச்சிக்கு முழு மாத்திரை, பேரனுக்குப் பாதியா?

கார்த்திகை மாத அடைமழை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கரை தட்டி ஓடுகிறது. நடவு முடிந்த பிசான வயல்களில் இரவெல்லாம் தவளைச் சத்தம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திண்ணையில் 70 வயது ஆச்சி. உள்ளே, இரண்டாவது பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கும் மகள். தொட்டிலில் 20 நாள் கைப்பிள்ளை. மகளின் மடியில், காய்ச்சலில் அனத்திக்கொண்டிருக்கும் மூன்று வயது மூத்தவன்.

``ஏட்டி, இந்த மழையில எங்க ஆஸ்பத்திரிக்குப் போவ? போன மாசம் எனக்கு இருமலுக்குத் தந்த மாத்திரை ரெண்டு மிச்சம் கெடக்கு. அதுல பாதிய ஒடச்சு தேன்ல கொழப்பிக் குடு. சரியாப் போவும்.''

``யம்மா, அது பெரியவங்க மாத்திரைல்லா?''

``அதாம்ட்டி பாதிங்கேன்!''

ஆச்சியின் கணக்கு மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானதுதான். சின்ன உடம்புக்குச் சின்ன அளவு. சட்டைத் துணி எடுப்பதற்கும் சோறு வைப்பதற்கும் அந்தக் கணக்கு சரி. ஆன்டிபயாடிக்குக்குச் சரிப்படாது. இந்த ஒரு வீட்டுக்குள் இருக்கும் 20 நாள் பிள்ளை, 3 வயதுப் பையன், 70 வயது ஆச்சி மூவரும் ஒரே மருந்தை மூன்று விதமாகக் கையாளுவார்கள். அதிலும் வேடிக்கை என்னவென்றால், பச்சைப் பிள்ளைக்கு அந்தப் பாதி மிக அதிகமாகிவிடலாம். மூன்று வயதுப் பையனுக்குச் சில மருந்துகளில் எடைக்குத் தகுந்த பங்குகூடப் போதாமல் போகலாம்.

உரை மருந்து சொன்ன கணக்கு

உண்மையில் ஆச்சிகளுக்கு இந்த விஷயம் ஒரு வகையில் தெரிந்ததுதான். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாம் வைத்து உரைகல்லில் உரசிக் கொடுத்த காலத்தில், பிறந்த பிள்ளைக்கு ஒரே ஒரு உரசு. மாதம் ஏற ஏற உரசின் எண்ணிக்கையும் ஏறும். பிள்ளையின் வயிறு வேறு, பெரியவர் வயிறு வேறு என்ற அறிவு அந்த உரைகல்லில் இருந்தது. (அந்த மருந்தை இன்று கைப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது வேறு கதை.)

ஆங்கில மருத்துவத்திலும் நீண்ட காலம் ஏறக்குறைய இதே கணக்குதான். கம்பவுண்டர் மிக்ஸர் கலக்கி, பாட்டிலில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுத்த நாள்களை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது பிள்ளைகளுக்கு அளவு போட ஒரு சூத்திரம் இருந்தது. பிள்ளையின் வயதை, அந்த வயதோடு 12-ஐக் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை என்றால் 4-ஐ 16-ஆல் வகுத்து, பெரியவர் அளவில் கால் பங்கு. ஒரு வயது என்றால் பதின்மூன்றில் ஒரு பங்கு.

சூத்திரம் அழகானது. ஆனால், அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. பிள்ளை என்பது அளவு குறைக்கப்பட்ட பெரியவர், அவ்வளவுதான் என்ற அனுமானம். அது எவ்வளவு தப்பு என்பதை மருத்துவ உலகம் மிகக் கொடுமையான முறையில் கற்றுக்கொண்டது.

சாம்பல் நிறமாக மாறிய பிள்ளைகள்

குளோராம்பெனிகால். 1940-களின் கடைசியில் வந்த இந்த ஆன்டிபயாடிக், டைபாய்டுக்கு வரப்பிரசாதமாக இருந்தது. இன்றும் கண் மருந்தாகப் பல வீடுகளில் இருக்கிறது. 1950-களில் அமெரிக்க மருத்துவமனைகளில், குறைமாதத்தில் பிறந்து கிருமித் தொற்று ஏற்படும் அபாயத்தில் இருந்த பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தார்கள். முன்னெச்சரிக்கையாக, தாராளமான அளவில்.

லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனை ஒன்றில் பிள்ளைகள் எதிர்பாராத அளவில் இறக்க, மருத்துவர்கள் பர்ன்ஸ், ஹாட்ஜ்மேன், கேஸ் மூவரும் கணக்கெடுக்க முடிவுசெய்தார்கள். 1959-ல் வெளியான அவர்களின் கட்டுரை படித்தவர்களை உலுக்கியது. ஆன்டிபயாடிக் எதுவுமே கொடுக்காத குறைமாதப் பிள்ளைகளில் ஐந்தில் ஒரு பங்கு இறந்திருந்தது. பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கொடுக்கப்பட்டவர்களிலும் ஏறத்தாழ அதே அளவுதான். குளோராம்பெனிகால் கொடுக்கப்பட்டவர்களிலோ சுமார் 60 சதவிகிதம். பிள்ளை பால் குடிக்க மறுக்கும், வயிறு உப்பும், உடம்பு குளிர்ந்து சாம்பல் நிறமாகும், பிறகு ரத்த ஓட்டம் நின்றுபோகும். `சாம்பல் குழந்தை நோய்' என்றே பெயர் வந்தது. காப்பாற்றக் கொடுத்த மருந்தே கொன்றிருந்தது.

ஏன் என்பதற்கான விடை, நம் ஊர்த் தாய்மார் எல்லோருக்கும் பழக்கமான ஒன்றில் இருக்கிறது. பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் பிள்ளையின் கண்ணும் தோலும் லேசாக மஞ்சளாவதைப் பார்க்காத வீடு குறைவு. பழைய ரத்த அணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் வருகிறது. கல்லீரல் அதை ஒரு வகைச் சர்க்கரை அமிலத்தோடு சேர்த்துக் கட்டி, தண்ணீரில் கரையும்படி மாற்றி வெளியே தள்ள வேண்டும். பிறந்த பிள்ளையின் கல்லீரலில் அந்தக் கட்டும் வேலையைச் செய்யும் நொதிகள் இன்னும் முழுதாகத் தயாராகவில்லை. அதனால் மஞ்சள் தேங்குகிறது. கூடினால் நீல விளக்கில் வைக்கிறார்கள்.

குளோராம்பெனிகாலையும் கல்லீரல் இதே வகைக் கட்டு போட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். பெரியவர் உடம்பு சில மணி நேரத்தில் பாதி மருந்தைக் கழித்துவிடும். பச்சைப் பிள்ளைக்கு அதே வேலைக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். முதல் வேளை மருந்து போவதற்குள் அடுத்த வேளை, அதற்கு மேல் அடுத்தது என உடம்புக்குள் மருந்து குவிந்துகொண்டே போகும். எடைக்குத் தகுந்தபடி குறைத்துக் கொடுத்தாலும் குவியும். `பாதி மாத்திரை' தத்துவம் இங்கேதான் உடைகிறது.

மஞ்சள் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. கட்டப்படாத பிலிரூபின், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் மீது ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கும், அதுவரை ஆபத்தில்லை. சல்பா வகை மருந்துகள் வந்து அதே இருக்கையைப் பிடித்துக்கொண்டால், இறக்கிவிடப்பட்ட பிலிரூபின் மூளைக்குள் போய்விடும். நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மேன் குழுவினர் 1956-ல் குறைமாதப் பிள்ளைகளிடம் இதைக் கண்டறிந்தார்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக எழுதப்படும் சல்பா மாத்திரையைப் பிறந்த பிள்ளைக்கு மருத்துவர்கள் தவிர்ப்பது இதனால்தான். மஞ்சள் ஏறியிருக்கும் பச்சைப் பிள்ளைக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசியைத் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம்.

தண்ணீர் கூட, வடிகால் குறைவு

கல்லீரல் மட்டுமல்ல. பிறந்த பிள்ளையின் உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர். பெரியவருக்கு 60 சதவிகிதம் போல. ஜென்டாமைசின் போலத் தண்ணீரில் கரையும் மருந்து, பிள்ளை உடம்பில் அகலமான குளத்தில் விட்டதுபோலப் பரவி நீர்த்துப்போகும். அதனால் ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்த்தால், ஒரு வேளை அளவைப் பெரிதாகக் குறைக்க முடியாது.

ஆனால், குளம் பெரிதாக இருந்தாலும் மடை சின்னது. பிறந்த நேரத்தில் சிறுநீரகம் வடிகட்டும் வேகம், உடம்பளவுக்குச் சரிசெய்து பார்த்தாலும் பெரியவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள்தான் பெரியவர் வேகத்தை எட்டும். ஜென்டாமைசின் அளவுக்கு மேல் தங்கினால் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எனவே, மருத்துவர்கள் அளவைவிட இடைவெளியைத்தான் முக்கியமாக மாற்றுகிறார்கள். பெரியவருக்கு 24 மணி நேரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி, குறைமாதப் பிள்ளைக்கு 36 அல்லது 48 மணி நேரத்துக்கு ஒரு முறைதான். பாளையங்கோட்டையில் `ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி' என்று ஊரே அழைக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் பச்சிளம் குழந்தைகள் பிரிவானாலும் சரி, கேஸ் ஷீட்டில் பிறந்து எத்தனை நாள், எத்தனை வாரத்தில் பிறந்தது, இன்றைய எடை என்ன என்று மூன்றையும் எழுதுவது இதற்காகவே.

தொட்டிலில் கிடக்கும் 20 நாள் பிள்ளைக்கு இப்படி. அப்படியென்றால் மடியில் இருக்கும் மூத்தவனுக்கு?

மூன்று வயதுப் பையனின் வேகம்

இங்கே கதை தலைகீழ். ஒன்று, இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையின் சிறுநீரகம் முழு வேகத்துக்கு வந்துவிட்டது. உடம்பு எடையோடு ஒப்பிட்டால் கல்லீரலும் பெரியவருடையதைவிடப் பெரிது. ஓடியாடும் பிள்ளைக்கு அடிக்கடி பசிப்பது போலவே, பல மருந்துகளையும் அந்த உடம்பு சீக்கிரம் எரித்துத் தள்ளிவிடுகிறது. ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு என்று பெரியவருக்குப் போடும் கணக்கை அப்படியே போட்டால் மருந்து ரத்தத்தில் தேவையான உயரத்தைத் தொடாது. கிருமி சாகாது, மருந்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளும்.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய்க்கான மருந்து சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கு நிரூபித்த இடம் அது. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சேத்துப்பட்டில் இருக்கிறது.

அங்கே ஆரம்பத்திலிருந்தே ஒரு கேள்வியைத் துருவிக்கொண்டிருந்தார்கள். ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்தைச் சிலர் உடம்பு மெதுவாகவும் சிலர் உடம்பு வேகமாகவும் செயலிழக்கச் செய்கிறது. இது பரம்பரையாக வருவது. தென்னிந்தியர்களில் மெதுவாகச் செய்பவர்கள் பாதிக்கு மேல். சரி, பிள்ளைகளில் எப்படி? கீதா ராமச்சந்திரன் தலைமையிலான குழு, காசநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த 1 முதல் 12 வயது வரையிலான 84 தென்னிந்தியப் பிள்ளைகளின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தது. 2013-ல் முடிவுகள் வெளியாகின. மூன்று வயதுக்குக் கீழ் இருந்தவர்களுக்கு, பெரிய பிள்ளைகளைவிட மருந்து குறைவாகவே ஏறியிருந்தது. ஊட்டம் குறைந்த பிள்ளைகளுக்கும் குறைவு. வேகமாகச் செயலிழக்கச் செய்யும் உடல்வாகு கொண்டவர்களுக்கு ஐசோனியாசிட் இன்னும் குறைவு. அதாவது, எந்தப் பிள்ளைகள் நோயில் சீக்கிரம் துவண்டுபோவார்களோ அவர்களுக்கே மருந்து போதாமல் இருந்தது.

உலகின் பல பகுதிகளிலிருந்தும் இதே செய்தி வந்துகொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே பிள்ளைகளின் காசநோய் மருந்து அளவை உயர்த்தச் சொல்லியிருந்தது. இன்று ஐசோனியாசிட் பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மி.கி, பிள்ளைக்கு 10 மி.கி. ரிஃபாம்பிசின் பெரியவருக்கு 10 மி.கி, பிள்ளைக்கு 15 மி.கி. 60 கிலோ அப்பாவுக்கு 300 மி.கி. ஐசோனியாசிட் என்றால், 15 கிலோ மகனுக்கு 150 மி.கி. எடையில் கால் பங்கு, மருந்தில் பாதிப் பங்கு!

இந்தக் கணக்கை வீட்டில் மாத்திரை உடைத்துக் கொண்டுவர முடியாது என்பதால்தான், தண்ணீரில் கரையும், பழச்சுவை கொண்ட தனி மாத்திரைகள் பிள்ளைகளுக்கென்று வந்தன. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எடை பார்த்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் என்றிருந்த சிகிச்சை, 2017-லிருந்து நாடு முழுவதும் தினசரியாகிவிட்டது. முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம் என்று பீடி சுற்றும் வீடுகள் நிறைந்த பகுதியில் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ காசநோய் என்று தெரிந்தால், வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்வார்கள். அப்போது கொடுக்கும் மாத்திரைக் கணக்கைப் பார்த்து, `எம்புள்ளைக்கு இம்புட்டா?' என்று யாரும் மிரளத் தேவையில்லை.

பல்லில் படிந்த மருந்து

பொதிகை மலை அடிவாரத்தில் இன்னொரு காய்ச்சல் உண்டு. புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ். ஆடு மேய்க்கப் போனவர்கள், விறகு பொறுக்கியவர்கள், தோட்டத்தில் விளையாடிய பிள்ளைகள் என யாருக்கும் வரலாம். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த ஒரு பொருக்கு இருந்தால் மருத்துவர் உடனே சுதாரித்துக்கொள்வார். இதற்கான முதல் மருந்து டாக்சிசைக்ளின்.

`எட்டு வயசுக்குள்ள புள்ளைக்கு டாக்சிசைக்ளினா? பல்லு போயிருமே' என்று மெடிக்கலில் சொல்பவர்கள் உண்டு. அது வெறும் வதந்தியல்ல. டாக்சிசைக்ளினின் மூத்த அண்ணனான டெட்ராசைக்ளின், கால்சியத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். பெரியவர் பல் ஏற்கெனவே உருவாகி முடிந்துவிட்டது, ஒன்றும் ஆகாது. ஈறுக்குள் இன்னும் பல் உருவாகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கோ, மருந்து பல்லுக்குள்ளேயே குடிபோய், முளைக்கும்போது மஞ்சளும் பழுப்புமாக வரும். தேய்த்தாலும் போகாது. ஒரு தலைமுறையே அந்தக் கறையோடு வளர்ந்தது. அதன்பின் வந்ததுதான் எட்டு வயதுக் கட்டுப்பாடு.

ஆனால், டாக்சிசைக்ளின் அவ்வளவு இறுக்கமாகக் கால்சியத்தைப் பிடிப்பதில்லை. எட்டு வயதுக்குள் அதைச் சாப்பிட்ட பிள்ளைகளின் பற்களை அமெரிக்காவில் பரிசோதித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில் அப்படிக் கறை எதுவும் காணப்படவில்லை. ஸ்க்ரப் டைபஸைத் தாமதித்தால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படும். அதனால், இந்த நோய்க்குச் சின்னப் பிள்ளைகளுக்கும் எடை பார்த்துக் குறுகிய நாள்களுக்கு டாக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள், அல்லது அசித்ரோமைசின். பழைய விதியை மட்டும் மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு மருத்துவர் எழுதியதை நிறுத்திவிடுவதும் ஆபத்துதான். சந்தேகம் இருந்தால் எழுதியவரிடமே கேட்டுவிடலாம்.

அந்தப் பாதி மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

ஆச்சியின் கையில் இருக்கும் மாத்திரைக்கு வருவோம். `625' என்று சொன்னால் எந்த மெடிக்கலிலும் தெரியும். அமாக்சிசிலின் 500 மி.கி, கிளாவுலானிக் அமிலம் 125 மி.கி. இரண்டாவது பொருள், கிருமியின் தற்காப்பை உடைப்பதற்கு. அது கூடினால் வயிற்றுப்போக்கு வரும். பாதியாக உடைத்தால் 250-உம் 62.5-உம். பிள்ளைகளுக்காகப் பரவலாகக் கிடைக்கும் 228.5 சிரப்பில், 5 மி.லி-யில் 200-க்கு 28.5 என்ற விகிதத்தில் கலந்திருப்பார்கள். அந்த சிரப்பில் 250 மி.கி. அமாக்சிசிலின் போனால், கூடவே போகும் கிளாவுலானிக் அமிலம் சுமார் 36 மி.கி-தான். உடைத்த மாத்திரையில் போவது 62.5. பிள்ளைக்கு `மருந்து ஒத்துக்கல, வயித்தால போவுது' என்று பாதியில் நிறுத்துவார்கள். ஒத்துக்கொள்ளாதது மருந்தா, உடைத்த கணக்கா?

சிரப் வாங்கினாலும் பொறிகள் உண்டு. கைப்பிள்ளைகளுக்கான சொட்டு மருந்து பாட்டிலைச் சின்னதாகப் பார்த்து, `இது லேசான மருந்து' என்று நினைப்பார்கள். அமாக்சிசிலின் சொட்டு மருந்தில் ஒரு மி.லி-யில் 100 மி.கி, அதே மருந்தின் 125 சிரப்பில் ஒரு மி.லி-யில் 25 மி.கி. அதாவது, சொட்டு மருந்து நான்கு மடங்கு கெட்டி. அண்ணனுக்கு சிரப் எத்தனை மி.லி. கொடுத்தோமோ, அதில் பாதி தம்பிக்குச் சொட்டு மருந்தில் என்று ஊற்றினால், தம்பிக்கு அண்ணனைவிட இரண்டு மடங்கு மருந்து போயிருக்கும்.

அப்புறம் ஸ்பூன். ஒரு வீட்டு டீஸ்பூனில் 3 மி.லி. நிற்கும், அடுத்த வீட்டு டீஸ்பூனில் 7. பால் புகட்டும் சங்கில் அளவுக்கோடே கிடையாது. பாட்டிலோடு வரும் மூடியோ, ஊசி இல்லாத சிரிஞ்சோதான் கணக்கு. தூளாக வரும் சிரப்பில், ஆறவைத்த வெந்நீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கும், மறுபடி கோடு வரை ஊற்ற வேண்டும். இந்த இரண்டாவது ஊற்றலை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. தண்ணீர் குறைந்தால் மருந்து கெட்டியாகிவிடும். கலந்த மருந்து, லேபிளில் போட்டிருக்கும் நாள்களுக்குத்தான். பெரும்பாலானவை ஒரு வாரம். போன தீபாவளிக்குக் கலந்தது இந்தப் பொங்கலுக்கு உதவாது.

மீதியை வாய்க்காலில் ஊற்றுவதும் வேண்டாம். தாமிரபரணித் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

திண்ணையில் இருப்பவரின் சிறுநீரகம்

இந்த வீட்டில் யாரும் கணக்கில் சேர்க்காத இன்னொருவர், ஆச்சியேதான். நாற்பது வயதுக்குப் பிறகு சிறுநீரகம் வடிகட்டும் வேகம் ஆண்டுக்கு ஆண்டு மெல்லக் குறையும். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்தால் இன்னும் வேகமாக. எழுபதில் சிலருக்கு அது இளமையில் இருந்ததில் பாதிதான் இருக்கும். ஜென்டாமைசின் மாதிரியான ஊசியை ஆச்சிக்குப் போடும் முன், மருத்துவர் கிரியாட்டினின் பரிசோதனை எழுதிக்கொடுப்பார். இடைவெளியை நீட்டுவார். தொட்டிலில் கிடக்கும் 20 நாள் பேத்திக்குச் செய்வதும் அதேதான். ஒன்று இன்னும் திறக்காத மடை, மற்றது தூர்ந்துகொண்டிருக்கும் மடை. இரண்டுக்கும் நடுவில், மூன்று வயதுப் பேரன்தான் வீட்டிலேயே வேகமாக வடிக்கிறவன்.

பாலூட்டும் மகளையும் மறந்துவிடக் கூடாது. அவள் சாப்பிடும் ஆன்டிபயாடிக்கில் சிறு பங்கு பாலில் இறங்கும். பென்சிலின், அமாக்சிசிலின் போன்ற பலவற்றில் அந்த அளவு மிகச் சொற்பம். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. ஆனால், பிள்ளைக்கு 20 நாள்தான் என்பதை மருந்து எழுதுபவரிடம் சொல்லியாக வேண்டும். பல பெண்கள் தன் உடம்புக்குத்தானே மருந்து என்று அதைச் சொல்வதே இல்லை.

மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவோ வாங்கவோ கூடாத மருந்து. முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகள் `எச் 1' அட்டவணையில் இருக்கின்றன. 2014 மார்ச்சிலிருந்து அவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி பெயர்களை மெடிக்கல்காரர் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். சட்டம் கடை வாசல் வரைதான் வரும். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் டப்பாவில் கிடக்கும் மிச்ச மாத்திரையை எந்த ரெஜிஸ்டரும் பார்க்காது.

கற்பனை வீட்டில் மழை கொஞ்சம் விட்டது. மகள் பிடிவாதமாகப் பையனைத் தூக்கிக்கொண்டு, ஆச்சியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட்டோவில் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டாள். சின்னவளை அத்தை பார்த்துக்கொள்கிறார். சிஸ்டர் முதலில் செய்தது, பையனின் செருப்பைக் கழற்றி எடை மெஷினில் நிறுத்தியது. 13 கிலோ 200 கிராம். மருத்துவர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், அக்குளைத் தூக்கிக் கறுத்த பொருக்கு ஏதும் உண்டா என்று பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

``சளிக் காய்ச்சல்தான். வைரஸ். ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சலுக்கு மட்டும் இந்த எடைக்கு சிரப் எழுதியிருக்கேன். மூணு நாள்ல குறையலைன்னாலோ, மூச்சு வாங்கினாலோ, சாப்பிடாம சோர்ந்து படுத்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க.''

ஆச்சிக்கு மனசு ஆறவில்லை. ``ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்லியா டாக்டரே? ஆட்டோக்காரனுக்குல்லா காசு குடுத்து வந்தோம்!''

``ஆச்சி, உங்களுக்குத் தந்த மாத்திரையை முழுசாச் சாப்பிட்டீங்களா?''

ஆச்சி சேலை முந்தானையில் முடிந்திருந்த இரண்டு மாத்திரைகளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.